மரை

இறுக்கினது நான்தான்.
போன ஆனியில், நீட்டுப் பைப் மாட்டி,
போதும் எண்டு கை சொன்ன பிறகும்
பயத்துக்கு இன்னொரு கால் சுற்று.

இண்டைக்கு ஹைலக்ஸுக்குக் கீழ் மல்லாந்து கழட்ட
ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மரை
போல்ட்டோடு சேர்ந்து வருகுது,
தேங்காய்ப்பூ மாதிரி அலுமினியம்.
கறுத்த ஒயில் முழங்கை வரை.

"ஆரடா இதில முதல் கை வைச்சது?"
மீன் பெட்டியில் குந்தியிருந்து பிலோமினக்கா.
கட்டைக்காட்டு மணலில்
நாலு சில்லும் இழுக்காட்டி
அவவுக்கு ஐஸும் மிஞ்சாது, மீனும் மிஞ்சாது.
"ஆரோ மரை கழண்டவன், அக்கா" எண்டன்.

ஓட்டையைப் பெருப்பிச்சுத்தான்
பழைய அளவுக்குக் கொண்டு வரலாம்.
மரை வெட்டும் ரப்பின் பள்ளங்களில் கிறீஸ் அப்பினன்,
சீவல் உள்ளே விழாமல் ஒட்ட.
அரைச் சுற்று முன்னுக்கு,
கால் சுற்று பின்னுக்கு.
கோண்டாவில் வெயில் தகரத்தில் வெடிக்குது.
வேர்வை கண்ணுக்குள். துடைக்கேல்லை.
டீசல் ஊத்திக் கழுவ
கடைசிப் பொடியும் வந்தது.
உருக்குச் சுருளை ஏத்தி
அதின்ர வாலை முறிச்சு மூக்குக் குறட்டால் எடுத்தன்.

புதுச் செப்பு வாஷர்.
ரோர்க் குறடு "டிக்" எண்டது.
நிறுத்தினன்.
கை இன்னும் கேட்டது.

"எவ்வளவு?"
நான் வாயெடுக்க முதல்
டாஷ்போர்ட் தட்டைத் திறந்து
போன ஆனி பில்லை விரிச்சுப் பிடிச்சா.

"மரை கழண்டவன் எண்டியே,
கையெழுத்து வடிவாத்தான் இருக்கு."

கீழே விரிச்ச மட்டை
ஒரு சொட்டும் இல்லாமல்
காய்ஞ்சு கிடந்தது.