ஒட்டகத்தைத் திட்டாதே

உலான்பாதர், ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகை; எதிர்க் கட்டடத்தைக் காணோம்.
தீக்காய வார்டில் ஒன்பதாம் நாள்.
எனெரெல் இன்னும் பேசவில்லை.

நான்கு வயது. கொதித்த பால்தேநீர்,
இடது தோளிலிருந்து முழங்கைவரை.
கட்டு மாற்றும் வண்டியின் சக்கரச் சத்தம்
நடைக்கோடியில் கேட்கும்போதே
கட்டில் கம்பியைப் பற்றிக்கொள்வாள்.
விரல் விரலாகப் பிரித்தெடுப்போம்.
அப்படிப் பிரித்தவள் நானும்தான்.

இன்று வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
ஒரு தட்டோடு போய்த் தரையில் உட்கார்ந்தேன்.
பஞ்சடைத்த கையுறையில் ஒரு பொம்மை,
ஊசி கழற்றிய சிரிஞ்சு, மிச்சக் கட்டுத்துணி,
மருந்துப் புட்டியின் மூடி. அதுதான் பானை.
என் வீட்டிலிருந்து நான்கு ஆட்டுக் கணுக்கால் எலும்புகள்.
விழுகிற பக்கத்தைப் பொறுத்து
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு;
இங்கே பிறந்த பிள்ளைக்கு
அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இருபது நிமிடம் வீண்" என்றார் டாக்டர் நார்மந்தாக்,
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி.

முதலில் அவள் பார்க்கக்கூட இல்லை.
பொம்மையின் தோளுக்குக் கட்டுப் போட்டேன், கோணலாக.
கோணலைப் பொறுக்கமாட்டாள் போலும்.
வலது கை மட்டும் கீழே வந்தது. அவிழ்த்தது.

திரும்பக் கட்டவில்லை.
ஓர் எலும்பைப் புரட்டினாள். ஒட்டகம்.
அதைப் பானையருகே நடத்திவந்தாள்,
அடிமேல் அடியாக.
முட்டவைத்தாள். மூடி கவிழ்ந்தது.
நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்த்தாள்.
ஏழு முறை. நான் தடுக்கவில்லை;
தடுக்காமல் இருப்பதுதான் அந்த நேரத்து வேலை.

எட்டாம் முறை,
துருப்பிடித்த தாழ்ப்பாள் போல ஒரு குரல்:
"ஒட்டகத்தைத் திட்டாதே. அதுக்குத் தாகம்."

ஆட்டுத்தோல் கோட்டோடு வாசலில் நின்ற அம்மா
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
அன்று அடுப்பருகே தான் இல்லாததற்கு
ஒன்பது நாளாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தவள்.
எனக்கு உறைத்தது வேறு:
பானையைத் தொட்டதற்காகத்தான்
இங்கே படுக்கவைத்திருக்கிறோம் என்று
நினைத்திருக்கிறாள் இவள்.
தினமும் பத்து மணிக்கு நாங்கள் வந்தது
தண்டனை கொடுக்க.

"ஒட்டகம் தப்பு செய்யவில்லை" என்றேன்.
"அதற்குக் காயம். காயத்துக்குத்தான் கட்டு."
"வலிக்குமா அதுக்கு?"

வலிக்காது என்றே ஒன்பது நாள் சொன்ன வாய் இது.
"வலிக்கும்" என்றேன். "நிறுத்து என்றால் நிறுத்துவேன்."

வெகுநேரம் யோசித்தாள்.
பிறகு எலும்பைச் சுற்றத் தொடங்கினாள்,
ஒட்டகமே தெரியாமல் போகும்வரை.

பதினொன்றரைக்கு வண்டியை உள்ளே கொண்டுவந்தேன்.
அலறினாள். அலறவில்லை என்று எழுத ஆசைதான்.
ஆனால் கம்பியைப் பிடிக்கவில்லை.
மூன்று முறை "நிறுத்து" என்றாள்.
மூன்று முறையும் நிறுத்தினேன்,
இடுக்கி அந்தரத்தில்.
மூன்றாவதில் நான் தொட்டிருக்கவே இல்லை.
சும்மா, நிற்கிறேனா என்று பார்த்தாள்.