இரண்டாம் கட்டப் பணம்

மதிப்புக்குரிய அவை உறுப்பினர்களுக்கு,
நான் ஒரு கிராம அலுவலர்.
இது அலுவலகக் கடிதம் இல்லை.
இறப்பர் முத்திரை லாச்சிக்குள் கிடக்கிறது.
பின்னேரம் நாலேமுக்கால்,
வரிசை கலைந்து போனபின் எழுதுகிறேன்.

என் பிரிவில் யசிந்தா என்றொருத்தி.
நண்டுக் கம்பனியில் சதை பிரிக்கிறவள்.
விரல் நுனியெல்லாம் கீறல்;
படிவம் நிரப்பப் பேனை பிடிக்கையில்
முகம் சுளிப்பாள்.

நாலு வருஷம் முன் அவளுக்கு வீடு தந்தீர்கள்.
தந்தீர்கள் என்றால், முதற் கட்டம்.
அத்திவாரம், ஜன்னல் மட்டம்வரை கல்.
அடிக்கல் நாட்டிய அன்று உங்களில் ஒருவர்
சாந்தகப்பையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று
மேசனைக் கேட்டார்.
படம் இருக்கிறது. என் தலையும் பாதி தெரிகிறது.

இரண்டாம் கட்டம் வரவில்லை.
வரும் வரும் என்று வாடகைக்குப் போனாள்.
கொட்டடியில் ஓர் அறை, பொதுக் கிணறு,
மாதம் பன்னீராயிரம்.
ஆடி பிறந்ததும் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்:
"மகன் குடும்பம் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து வருகுது பிள்ளை,
குறை நினையாதை."
அவர் கெட்டவரில்லை.
கடைசி மாத வாடகையை வேண்டவில்லை.

அடுத்த வீட்டார் ஆறு மாத முற்பணம் கேட்டார்கள்.
தொண்ணூறாயிரம். அவளிடம் முப்பத்தொன்று.
கடதாசியில் கழித்துப் பார்த்தேன்:
ஐம்பத்தொன்பதாயிரம்.
அதைத் தர எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்பு இல்லை.
வெள்ளம் வந்தால் தரலாம்.
புயலென்றால் மூன்று நாளைக்குச் சமைத்த சாப்பாடு.
முற்பணம் இல்லாமை அனர்த்தம் அல்லவாம்.

இப்போது அவளும் இரண்டு பெடியளும்
கரையில், வலை போட்டுவைக்கிற வாடியில்.
சின்னவனுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
மூத்தவன் பள்ளிக்கூடம் போவதில்லை,
சப்பாத்து நனைஞ்சுபோச்சு என்கிறான்.
சப்பாத்து காய்ந்து ஒரு மாதம்.
ஒன்பது நாள் கட்டில், ஒட்சிசன், மருந்து,
படிக்காமல் போகிற ஒரு பெடியன்,
இந்தக் கூட்டலை நீங்கள் செய்யுங்கள்.
என்னிடம் கழித்தல் மட்டும்தான் இருக்கிறது.

இதே பிரிவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருபத்துமூன்று.
எண்ணுவது என் வேலை, எண்ணினேன்.
ஆறு மணிக்கு ஓர் ஆள் சைக்கிளில் போய்
ஒவ்வொன்றிலும் முன் லைற்றைப் போடுகிறான்.
பறியுங்கள் என்று நான் கேட்கவில்லை.
பூட்டுக்குப் பின்னால் ஓடிப்போன கதை உண்டு, தெரியும்.
ஆனால் நியாய வாடகைக்கு விட்டால்
வீட்டுக்கு நாங்கள் பொறுப்பென்று
அரசு எழுதித் தந்தால், திறப்புகள் வரும்.
தொலைபேசியில் கேட்டேன்.
இரண்டு பேர் ஓம் என்றார்கள். ஒருவர் அழுதார், ஏனென்று சொல்லவில்லை.

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப் போகிறீர்கள்.
தெருவுக்கு வருமுன் பிடித்து நிறுத்த ஒரு நிதி வையுங்கள்.
தொடங்கிய சுவரை முடியுங்கள்.
நண்டு உடைக்கிற கூலிக்குள் அடங்குகிற வாடகையில்
நாலு சுவர் கட்டித் தாருங்கள்.
புதுப் பெயரில் திட்டம் வேண்டாம்,
பெயர்ப்பலகைகள் போதும்.
ஒன்றை யசிந்தா வாடிக் கூரைக்குக் கழற்றிக்கொண்டு போனாள்.
நான் பார்க்காததுபோல் நின்றேன்.

இன்னொன்று.
முகவரி இல்லாதவருக்கு வதிவுச் சான்றிதழ் தரக்கூடாது.
சான்றிதழ் இல்லாமல் வீட்டு விண்ணப்பம் இல்லை.
வீடில்லாமல் முகவரி இல்லை.
நேற்று இதைப் பேனையால் அறுத்தேன்.
கூரையில்லாத அந்தச் சுவர்களுக்கு இலக்கமிட்டு
"இங்கு வசிக்கிறார்" என்று கையொப்பம் வைத்தேன்.
பொய்தான். உள்ளே எருக்கலை நெஞ்சளவு நிற்கிறது.

விசாரணை வையுங்கள்.
கந்தோரில் வேண்டாம், அங்கேயே வாருங்கள்,
மாரி தொடங்குமுன்.
கதவு இல்லை, தட்டத் தேவையில்லை.
வரும்போது சீமெந்து இரண்டு பை கொண்டு வந்தால்
மேசன் சவிரிமுத்து பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார்.
அவருக்கும் வாடகை ஒரு மாதம் நிலுவை.