யார் காட்டிலும்

ஏசி ஓடவில்லையென்று
கானாடுகாத்தான் ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள்.
டெஸ்டரோடு போனேன்.
ஏழாம் அறை, ஆனி வெயில்.
ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு
ஆத்தங்குடித் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்
பின்லாந்துக்காரி. பெயர் தூலா.
“சரிசெய்ய வேண்டாம். எங்கள் ஊரில் இதற்காகவே
தனி மரவீடு கட்டி
கல்லைச் சுடவைப்போம்” என்றாள்.

அன்றைக்கு ஆறாவது டம்ளர் காப்பி.
குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.
நானும்.
இங்கே இரண்டு பேர் இப்படி உட்கார்ந்தால்
பங்காளிச் சண்டை.
அங்கே அது மரியாதையாம்.

சாயங்காலம் பார்த்தால்
பூட்டிக் கிடக்கும் மு.சித. வீட்டுப் பின்கட்டில்
களாச்செடிக்குள் குனிந்து நிற்கிறாள்,
டம்ளரில் பாதிக்குப் பழம்.
காவல்கார அடைக்கலம்
கம்போடு வந்துவிட்டார்.
“அறுபத்திரண்டு பங்கு. ஒண்ணு ஈப்போவுல.
அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாத்தான்
பியூஸே மாத்தலாம், சொல்லு அந்தம்மாகிட்ட.”
சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அவளுக்கு விளங்கவில்லை.
“யார் காட்டிலும் யாரும் பழம் பறிக்கலாமே.
கிளையை ஒடிக்காமல்,
வீட்டு வாசலை நெருங்காமல்.”

“அப்ப அங்க வேலி எதுக்காம்?”

“மான் வழிதவறிப் போகாமல் இருக்க.”

மூன்று பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
பின்லாந்து இப்படித்தான் இருக்கும்போல.

அடைக்கலம் கம்பை மதிலில் சாய்த்தார்.
முள்ளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு,
“கறுத்ததாப் பறிக்கச் சொல்லுப்பா.
செவப்புல பால் ஒட்டும்.”