ஆற்காட்டில் எந்தக் கடை

ராணிப்பேட்டையில் எங்கள் தோல் பிளக்கும் இயந்திரம்
நின்றுபோன நாலாம் நாள்
நேப்பிள்ஸிலிருந்து வந்து இறங்கினார் ஜென்னாரோ.
பெட்டி நிறையத் திருப்புளிகள்,
வாய் நிறைய ஊர்ப்பெருமை.

ஒரே எருமைத் தோலை மூன்றாகச் சீவும் கத்தியைத்
துடைத்தபடி சொன்னார்:
எங்கள் பலகாரமும் இப்படித்தான்.
மாவைக் காகிதமாய் இழுத்து
சுருட்டி, நறுக்கி, சிப்பியாய் விரித்துச் சுடுவார்கள்.
(நடுவில் தடவுவது என்ன கொழுப்பு என்பதை மட்டும்
ஓட்டுநர் முனவ்வருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.)
உள்ளே?
பால்கட்டி, ஆரஞ்சுத் தோல், ரவை.
ரவையா!
ஏற்றுமதிக் காகிதங்களிலிருந்து
அப்போதுதான் நிமிர்ந்தேன்.

ஸ்ஃபோலியாத்தெல்லா.
மூன்று முறை சொல்லவைத்தார்.
பதிலுக்கு நான் அவரை
மக்கன் பேடா என்று சொல்லவைத்தேன்.

மாலையில் பாலாற்றுப் பாலம்.
ஆறு எங்கே என்றார்.
மணலுக்குக் கீழே என்றேன்.

பாலம் முடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.
பேருந்து நிலையத்துப் பக்கம் போகலாம் என்றேன் நான்.
"அங்க பாகு தண்ணியா கீது மேடம்,
உள்ளூர்க்காரன் எவன் போவான்?"
முனவ்வர் வண்டியையே ஓரங்கட்டிவிட்டார்.
கைப்பேசியில் கேட்டால் காவலாளி தேவராசு
இரண்டுமே இல்லை, மூன்றாவது கடை என்கிறார்.
ஜென்னாரோ சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
அவருடைய சித்தப்பாக்கள் இருவர்
மொறுமொறுப்பா, மிருதுவா என்பதில்
பதினோரு வருடமாகப் பேச்சில்லையாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
இந்த ஊரில்தான் பிறந்தேன்,
ஒருநாளும் கடையில் நின்று தின்றதில்லை.
சீர்த்தட்டில் வரும், அட்டைப்பெட்டியில் வரும்,
ஆறிப்போய், பாதியாய்ப் பங்கு பிரிந்து வரும்.

அவர் ஊர் விதி வேறு:
சூடாக, நின்றபடி, சட்டை பாழாக.

நின்றோம்.
இலைத்தொன்னையில் ஒரு பழுப்பு உருண்டை.
அடுக்கு இல்லை, மடிப்பு இல்லை,
வெளியே எதையும் காட்டிக்கொள்ளவில்லை.
கடித்த பிறகுதான் முந்திரி, திராட்சை, சாரைப்பருப்பு.
பாகு என் முழங்கைவரை இறங்கி
வளையலில் தேங்கியது.
மக்கன் என்றால் வெண்ணெய் என்று
முனவ்வர் சொல்லிவிட்டார் போல.
வெண்ணெய் எங்கே என்றார் ஜென்னாரோ.
வாணலியிலிருந்து தலை தூக்காமலே கடைக்காரர்:
"பேர்ல கீது."

கிளம்பும் அன்று ஒரு தோல் துண்டில்,
ஓட்டைகளைக் குறியிடும் வெள்ளிப் பேனாவால்
எனக்கு வழி வரைந்து தந்தார்.
ரயில் நிலையம். முதல் சந்து வேண்டாம்.
இரண்டாவதில் திரும்பு.
காலை பத்து மணிக்குள்.
நீ வரும்போது, என்றார்.
வந்தால் என்று சொல்லவில்லை.
பாஸ்போர்ட் இல்லை என்று
நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேசை இழுப்பறையைத் திறக்கிறேன்.
கடைசிப் பெட்டிப் பேடாவைத் தொட்ட கையோடு
வரைந்திருக்கிறார் மனிதர்.
ரயில் நிலையத்திலிருந்து வரிசை பிசகாமல்
எறும்புகள்
முதல் சந்தைத் தாண்டி
இரண்டாவதில் திரும்பி
பெருக்கல் குறி போட்ட கடை வாசலில்
கூட்டமாக நிற்கின்றன.

தட்டிவிட மனமில்லை.
மெதுவாக மூடினேன்.