பதினாறு மாதம், ஆறாவது மாடி

ரப்பரில் செய்த உயிரெழுத்து பன்னிரண்டும்
ஆயிரத்து நானூறு ரூபாய் மர ரயிலும்
கட்டிலடியில் கிடக்கின்றன.
எழினிக்கு வேண்டியது குக்கர் கேஸ்கெட்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே
வண்டி ஓட்டுகிறாள்.
சாதம் வைக்க வழியில்லை.
மத்தியானம் பிரெட்.

முலுண்டில் மூன்றாம் நாளாக மழை.
சன்னல் கம்பியில் தொங்கிய துளிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டு உடைத்தோம்.
தீர்ந்ததும் "இன்னா" என்றாள்.
இன்னொன்று என்று அர்த்தம்.
மேகத்தைக் கைகாட்டிவிட்டேன்.

நாலரைக்கு விட்டது.
பூங்கா வரை போகலாமென்று
செருப்பு, தொப்பி, தண்ணீர், மாற்று நிக்கர்,
புறப்படவே அரைமணி.
லிஃப்டைத் தாண்டிப் பதினோரு அடி நடந்தாள்.
சாக்கடை மூடியில்
விரல் பருமனில் ஓர் ஓட்டை.
உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கல். உள்ளே.
க்ளக்.
என் முகத்தைப் பார்த்தாள்,
எனக்கும் கேட்டதா என்று.

கேட்டது.
ஊஞ்சல் எங்கேயோ ஈரமாக இருந்தது.
வாட்ச்மேன் லால்பிஹாரி குடையை மடக்கி வைத்துவிட்டுக்
குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து
சின்னக் கல்லாகப் பொறுக்கித் தந்தார்.
பெரியது நுழையாதென்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
ஏழாவது கல்லில் எனக்கு அலுத்தது.
இருபதுக்குப் பக்கத்தில் எப்போதோ
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அடுத்த க்ளக்குக்குக் காத்திருந்தேன்.

மறுபடி தூறல்.
தூக்கினேன். வில்லாக வளைந்து
ஆறு மாடியும் அழுதாள்.

ராத்திரி வாஷிங் மெஷினுக்குள்
கடகடவென்று சத்தம்.
நிறுத்திவிட்டு அவள் நிக்கரை உதறிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
என் குர்த்தாப் பையில் ஐந்து கல்,
எல்லாம் நுழைகிற அளவில்.