சீட்டோடு வரட்டும்

மாங்கூழ் ஆலைக்கு வரும் ஒவ்வொரு கிரேட்டிலும்
ஒரு சீட்டு தொங்கும்.
சந்தூர், ஜெகதேவி, போச்சம்பள்ளி,
யார் தோப்பு, எத்தனை கிலோ.
கேட்டில் நிற்பவர் சீட்டை அறுத்து
நோட்டில் குறித்துக்கொண்டு
பழத்தை மட்டும் உள்ளே விடுவார்.

என் அட்டைக்கும் அதே உத்தியோகம்.
கம்பி வழி வரும் பொட்டலத்தின் கழுத்தில்
நான்கு பைட்டில் ஒரு சீட்டு:
எந்த வலையின் பிள்ளை என்று.
அட்டை அதை அறுத்துத் தனியே நீட்டும்.
மேலே இருப்பவருக்கு ஒரு வேலை மிச்சம்.
எல்லோருக்கும் நல்லதுதானே என்று
எப்போதும் ஓடும்படி டிரைவரில் எழுதினேன்.
அணைக்க வழி வைக்கவில்லை.
இதைப் போய் யார் அணைப்பார்?

இனாயத்துல்லா கூப்பிட்டார்.
ஆனி மாதம், ஆலை வாசலில் லாரி வரிசை.
"மேடம், தராசு வலையில் என்னமோ கலக்குது.
எட்டிப் பார்த்தா எல்லாம் மொட்டைக் கழுத்தா நிக்குது.
சீட்டு என்னன்னு உங்க அட்டை சொல்லுது, சரி.
அட்டை சொல்றது நிஜமான்னு
நான் யார்கிட்ட கேக்க?"

ஓசூர், பாகலூர் சாலை, இரவு பதினொன்றரை.
கீழே ரோஜா ஏற்றும் வேனின் ரிவர்ஸ் பாட்டு.
மூன்று வரி வேலை என்றுதான் நினைத்தேன்:
மாற்ற முடியாதவை என்ற பட்டியலிலிருந்து
ஒரு பெயரைத் தூக்கி
மாற்றக்கூடியவையில் வைப்பது.
வைத்தேன். அணைத்தேன்.
வந்தவை சீட்டோடு வந்தன.
போனவை சீட்டில்லாமல் போயின.

கையேட்டின் நானூற்றுப் பதினேழாம் பக்கம்,
அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்:
வரும்போது அறுப்பதற்கும்
போகும்போது கட்டுவதற்கும்
ஒரே பிட்.
நான் இரண்டு சுவிட்ச் வரைந்திருந்தேன்.
சுவருக்குள் ஒற்றைக் கம்பிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றை இழுத்தால் மற்றதும் சாயும் என்று எழுதினேன்.
சாய்ந்ததைச் சொல்லிவிடவும் எழுதினேன்;
அறுப்பதை நிறுத்தினால் கட்டுவதும் நிற்கும்,
இனி மேலிருப்பவரே கட்டிக்கொள்ளட்டும்.
அப்புறம் இன்னொரு தொல்லை.
ஓடும் வரிசையில் கை வைத்தால்
பாதி சீட்டோடும் பாதி இல்லாமலும்
ஒரு பொட்டலம் நடுவில் மாட்டிக்கொள்கிறது.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஆள் மாறும் நேரம்
அந்த லேனுக்கு மட்டும் சிவப்பு விழுமே, அப்படி:
நிறுத்து, உள்ளே இருப்பதை அனுப்பு,
பிட்டைத் திருப்பு, திற.
இந்த நாலு வார்த்தைக்கு
மூன்று இரவு, ஆறு முறை உறைந்த கணினி,
பால் திரிந்த ஒரு டீ.

வியாழன் விடியற்காலை அவர் அணைத்துப் பார்த்தார்.
ஏழு நிமிடத்தில் குரல் செய்தி:
"நூற்றிருபதுன்னு சீட்டு போட்டு ஒண்ணு வருது மேடம்.
நம்மகிட்ட நூற்றிருபதே கிடையாது."

கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார்.
பழைய ஷெட், கிழிந்த தார்ப்பாய்,
அதன் கீழே முந்தைய முதலாளி விட்டுப்போன
மின்தராசு.
பச்சை எண்கள் இன்னும் எரிய,
நொடிக்கொரு முறை
பூஜ்யம் கிலோ, பூஜ்யம் கிலோ என்று
யாருக்கோ கணக்கு ஒப்பித்தபடி.

"சுவிட்சைத் திரும்பப் போட்டுட்டேன்" என்றார்.
"வேகம் வேணுமில்ல, லாரி நிக்குது."
கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.
"தராசைத்தான் இன்னும் அணைக்கல."