மூன்று படகுக் கணக்கு

பத்தொன்பதாம் நாள் நடக்கவில்லை.
முதுகுப்பை ஆணியில் தொங்குகிறது,
உள்ளே இன்னும் யாரோ இருப்பதுபோல்
தோள்களை விறைத்துக்கொண்டு.
காலுறைகள் குட்டை பிர்ச் மரத்தில்.
ஒன்று மட்டும், நாற்றம் இனிப் போகாதென்று முடிவாகி,
ஒரு கிளை தள்ளித் தனியாக.

ஃபோல்கெ தூங்குகிறான்.
மழை விட்ட ஏரி எதுவும் செய்யாமல் கிடக்கிறது.
அதன் பக்கத்தில் நானும்
எதுவும் செய்யாமல் கிடக்க முயல்கிறேன்.
பழக்கமில்லை.
கல்மேல் நீட்டிய கால்கள் தாமாகவே
அடுத்த அடியைத் துழாவுகின்றன.

குடிலைப் பார்த்துக்கொள்ளும் குன்வோரிடம்
புகைபோட்ட மீன் ஒன்று வாங்கினேன்.
செய்தித்தாளில் சுற்றித் தந்தாள்.
தின்று முடித்து, மூன்று வாரம் முந்தைய
வானிலை அறிக்கையை நிதானமாகப் படித்தேன்.
எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடியாகி
ஸ்டாக்ஹோம் வழியே என் கட்டைவிரல் தெரிந்தது.
மணி பார்க்கவில்லை.
ஜூலையில் இங்கே சூரியன்
எழுந்து போகத் தெரியாத விருந்தாளி.

துறையில் ஒரு பலகை உண்டு:
படகுகள் மூன்று.
எந்தக் கரையிலும் ஒன்றாவது இருக்க வேண்டும்.
கடைசிப் படகில் வந்தவர்
இன்னொன்றைப் பின்னால் கட்டி இழுத்துப் போய்
அக்கரையில் விட்டு
மறுபடி வர வேண்டும்.
ஒரே ஏரியை மூன்று முறை.
சின்னக் கணக்கு.
நேற்றிரவு கொட்டிய மழையில்,
குதிகால் கொப்புளம் உடைந்த நிலையில்,
அது சின்னதாக இல்லை.
"காலையில் பார்க்கலாம்" என்றான் ஃபோல்கெ.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதுவும் சம்மதம்தான்.

மூன்று படகும் இப்போது இந்தக் கரையில்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.
அந்தப் பக்கம் பார்க்காமல்தான் மீனைத் தின்றேன்.

முதலில் நாய் குரைத்தது.
பிறகு அக்கரையில் ஒரு மஞ்சள் புள்ளி
கையை ஆட்டியது.
அவசரமில்லாத ஆட்டல்.
எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

ஒரு படகில் ஏறி இன்னொன்றைக் கட்டினேன்.
வெற்றுப் படகு பின்னால் வருவது
பிடிவாதக்காரக் கன்றை ஓட்டிப் போவதுபோல.
நான் நேராகப் போனால் அது சாய்ந்தது,
நான் சாய்ந்தால் அது நின்றது.
நடு ஏரியில் துடுப்பைத் தூக்கி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர
உலகத்தில் சத்தமில்லை.
பத்தொன்பது நாளில் முதல்முறையாக
என் கால்கள் எதையும் கேட்கவில்லை.

அவள் பெயர் ரிஸ்தீன்.
கழுத்துப்பட்டையின் சமிக்ஞை நின்றுபோன
ஒரு பனிமானைத் தேடி வருகிறாள்.
நாய் படகுக்குப் பயந்து
அவள் மடியில் முகத்தைச் செருகிக்கொண்டது.

"எதுவரை நடக்கிறீர்கள்?"
இன்னும் நூற்றெண்பது கிலோமீட்டர் என்றேன்.
"அங்கே என்ன இருக்கிறது?"
யோசித்தேன். உண்மையைத்தான் சொல்ல முடிந்தது:
பேருந்து நிறுத்தம்.
அவள் சிரிக்கவில்லை.
"பேருந்து நேரத்துக்கு வராது" என்றாள், அக்கறையோடு.

பாதி வழியில் சொல்லத் தொடங்கினேன்:
நேற்றிரவு யாரோ ஒரு படகைக்கூட விடாமல்...
"ஈர மணலில் இரண்டு பேர்" என்றாள்,
நாயின் காதைத் தடவியபடி.
"ஒருவர் இடது குதிகாலை ஊன்றவில்லை."
பிறகு நான் துடுப்பை மட்டும் போட்டேன்.
தண்ணீரைப் பார்ப்பது வசதியாக இருந்தது.
இறங்கும்போது என் வெறுங்காலை ஒரு பார்வை பார்த்து
பையிலிருந்து உலர்ந்த இறைச்சித் துண்டு ஒன்றை
நாய்க்குப் பாதி, எனக்குப் பாதி.

இரவு என்று சொல்லப்படுகிற வெளிச்சத்தில்
ஃபோல்கெ எழுந்து வந்தான்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.
"நாள் முழுக்க என்ன செய்தாய்?"
ஓய்வெடுத்தேன் என்றேன்.
ஊசியையும் நூலையும் கேட்டேன்.
காலை நீட்டச் சொன்னான்.
நான் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினேன்.